வராத வெள்ளத்தை அளப்பது எப்படி?

ஒரு புயல் அடித்து ஓய்கிறது. கடலோர ஊர் ஒன்றின் தெருக்களில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஓர் அலையாத்திக் காடு. "காடுதான் ஊரைக் காப்பாற்றியது" என்கிறார் ஒருவர். "இந்தப் பக்கம் புயல் அவ்வளவு பலமாக அடிக்கவே இல்லை" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

தெருவில் நிற்கும் தண்ணீரை ஒரு குச்சியை நட்டு அளந்துவிடலாம். காடு இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்பதை அளக்கத்தான் குச்சி கிடையாது. அந்தத் தண்ணீர் வரவே இல்லையே. கடலோர வெள்ளத்தைத் தடுப்பதில் இயற்கையின் பங்கை மதிப்பிடும் துறையின் சிக்கல் முழுவதும் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது. நடந்த ஒன்றை நடக்காத ஒன்றோடு ஒப்பிட வேண்டும். அந்த நடக்காத ஒன்றை நம்பத்தகுந்த முறையில் உருவாக்கிக் காட்ட வேண்டும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். கட்டமைப்பு என்றால் நமக்குச் சாலை, பாலம், கடல் சுவர் என்றுதான் நினைவுக்கு வரும். அலையாத்திக் காடு, பவளப்பாறை, உவர் சதுப்பு நிலம், மணல்மேடு, கடற்புல் வெளி, சிப்பித் திட்டு ஆகியவையும் அதே வேலையில் ஒரு பகுதியைச் செய்கின்றன என்பதால் அவற்றை 'இயற்கைசார் கட்டமைப்பு' என்று அழைக்கிறார்கள். முழுக்க இயற்கையாகவே அமைந்திருக்க வேண்டும் என்பதில்லை. நெதர்லாந்தில் 2011-ல் கடலோரத்தில் ஏறத்தாழ 2.15 கோடி கனமீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டினார்கள். அதைக் கரை நெடுகப் பரப்பும் வேலையைக் காற்றுக்கும் அலைக்கும் விட்டுவிட்டார்கள். கொட்டியது மனிதர், பரப்புவது கடல். அதுவும் இந்த வகையில்தான் சேரும்.

எண் எதற்கு, காடு நல்லது என்று தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கடல் சுவர் கட்ட வருகிற பொறியாளர் உயரம், ஆயுள், செலவு, எந்த அளவு புயல்வரை தாங்கும் என்று எல்லாவற்றையும் தாளில் கொண்டுவருகிறார். காட்டுக்காகப் பேச வருகிறவர் பெரும்பாலும் அழகான புகைப்படங்களைக் கொண்டுவருகிறார். நிதி ஒதுக்கும் கூட்டத்தில் எது வெல்லும் என்று சொல்லத் தேவையில்லை.

அலை வேறு, எழுச்சி வேறு

இத்துறையில் நடக்கும் மிகைப்படுத்தல்களில் பாதி, இரண்டு வெவ்வேறு நீரைக் குழப்பிக்கொள்வதால் வருகிறது என்பது என் எண்ணம். புயல் வரும்போது கடல் இரண்டு விதமாக ஊருக்குள் வருகிறது. ஒன்று அலை: சில நொடிகளுக்கு ஒருமுறை எழுந்து விழுவது. மற்றொன்று புயல் எழுச்சி: காற்று தள்ளுவதாலும் காற்றழுத்தம் குறைவதாலும் கடல் மட்டமே மணிக்கணக்கில் உயர்ந்து நிற்பது. அலை என்பது அடி, எழுச்சி என்பது நிரம்புதல்.

அலையை மட்டுப்படுத்துவதில் இயற்கை கெட்டிக்காரி. ஓர் அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. இரண்டு மீட்டர் அலை ஒரு மீட்டராகக் குறைந்தால் அதன் ஆற்றல் பாதியாகக் குறையாது, கால் பங்காகக் குறையும். உலகின் பல பவளப்பாறைகளில் எடுத்த அளவீடுகளை ஒன்றுசேர்த்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, அவை அலையாற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைக் கரைத்துவிடுவதாகச் சொன்னது. அதில் பெரும்பங்கைக் கரைப்பது பாறையின் கடல் பக்க விளிம்பு மட்டுமே. அலை அங்கே இடறி உடைகிறது. அலையாத்திக் காடு வேறு வழியில் வேலை செய்கிறது. வேர்களும் தண்டுகளும் நீரின் ஓட்டத்தைக் கிழித்துக் கிழித்து அதன் வேகத்தைத் தின்கின்றன. 100 மீட்டர் அகலக் காட்டில் அலையின் உயரம் 13 முதல் 66 சதவீதம் வரை குறைவதாக அளவீடுகள் காட்டுகின்றன. இவ்வளவு பெரிய இடைவெளி ஏன்? மரத்தின் வகை, அடர்த்தி, அப்போதைய நீர்மட்டம் ஆகிய மூன்றும் மாறுவதால். தண்ணீர் வேர்களின் உயரத்தில் இருக்கும்போது தடை அதிகம். வேர்களைத் தாண்டி மெலிந்த தண்டுப் பகுதிக்கு ஏறிவிட்டால் தடை குறைந்துவிடும்.

புயல் எழுச்சியின் கதை வேறு. மணிக்கணக்கில் தள்ளிக்கொண்டு வரும் நீருக்கு மரங்களைச் சுற்றிக்கொண்டு வர நேரம் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் அகல அலையாத்திக் காட்டைக் கடக்கும்போது எழுச்சியின் உயரம் 5 முதல் 50 சென்டிமீட்டர் வரைதான் குறைகிறது. 'மீட்டருக்கு' என்று தவறிப் படித்துவிட வேண்டாம், கிலோமீட்டருக்கு. ஆக, ஐம்பது மீட்டர் அகலத்தில் ஒரு வரிசை மரங்களை நட்டுவிட்டு "இனிப் புயல் வெள்ளம் வராது" என்று பலகை வைத்தால், அந்தப் பலகையும் மிதக்கும். அதே ஐம்பது மீட்டர், வீட்டுச் சுவரை மோதி உடைக்கும் அலையின் அடியைக் கணிசமாகக் குறைக்கும் என்பதும் உண்மை. எந்த நீரைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்காமல் 'பலன்' என்ற சொல்லையே எடுக்கக் கூடாது.

சேற்றில் நடும் குழாய்

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். கடல் வற்றிய நேரத்தில், முழங்கால்வரை சேற்றில் இறங்கி, காட்டின் கடல் பக்க ஓரத்தில் ஒரு கம்பியை அடித்து இறக்குகிறார்கள். அதில் ஒரு சிறிய அழுத்தமானியைக் கட்டுகிறார்கள். டார்ச் விளக்கின் அளவில் ஒரு குழாய், அவ்வளவுதான். பிறகு காட்டுக்குள் நேர்கோட்டில் நடந்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் இன்னும் சிலவற்றை நடுகிறார்கள். ஏற்றம் வந்ததும் எல்லாம் மூழ்கிவிடும். மேலே நிற்கும் தண்ணீர் கூடினால் அழுத்தம் கூடும், குறைந்தால் குறையும். கருவி அதை நொடிக்குப் பலமுறை பதிந்துகொண்டே இருக்கும். சில வாரங்கள் கழித்துப் பிடுங்கி எடுத்து, முதல் கருவி பார்த்த அலையையும் கடைசிக் கருவி பார்த்த அலையையும் ஒப்பிட்டால், நடுவில் காடு விழுங்கியது எவ்வளவு என்று தெரியும்.

பார்க்க எளிமையானது. சிக்கல் என்னவென்றால், கருவி நட்ட வாரங்களில் பெரிய புயல் வருவது அபூர்வம். வந்தாலும் கருவியையே அடித்துக்கொண்டு போய்விடலாம். சிறு அலைகளில் எடுத்த அளவைப் பெரும்புயலுக்கு அப்படியே நீட்டுவது ஆபத்து.

அதனால் புயலை வீட்டுக்கு வரவழைத்தவர்களும் உண்டு. ஜெர்மனியின் ஹன்னோவரில் 300 மீட்டர் நீளத்துக்கு மேல் ஓர் அலைத் தொட்டி இருக்கிறது. உவர் சதுப்பு நிலத்தின் மண்ணைப் புல்லோடு கட்டிகட்டியாக வெட்டி எடுத்துவந்து, தொட்டிக்குள் சுமார் 40 மீட்டர் நீளத்துக்கு அடுக்கி, அதன்மேல் புயல் அளவு அலைகளை ஏவிப் பார்த்தார்கள். முடிவு 2014-ல் வெளியானது. அலைகள் தணிந்தன, அந்தத் தணிவில் 60 சதவீதம் வரை புல்லின் வேலை. அலை பெரிதாகப் பெரிதாகத் தண்டுகள் வளைந்து, படுத்து, ஒடிந்தன, தடுக்கும் திறனும் குறைந்தது. ஆனால் கீழே இருந்த மண் மட்டும் அரிக்கப்படாமல் நின்றது. எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசித் தகவல்தான். புல்லின் பலனைப் புல்லின் உயரத்தில் மட்டும் தேடினால், மண்ணைப் பிடித்துவைக்கும் வேரைக் கணக்கில் விட்டுவிடுவோம்.

இல்லாத உலகத்தை உருவாக்குவது

காடு இருக்கும்போது நடப்பதை அளந்தாயிற்று. இனி காடு இல்லாத உலகம் வேண்டும். அதற்குத்தான் கணினி மாதிரியாக்கம், அதாவது கடற்கரையையும் புயலையும் கணினிக்குள் உருவாக்கி ஓட்டிப் பார்ப்பது. ஒரே கடற்கரை, ஒரே புயல். முதல் ஓட்டத்தில் காடு இருக்கும் பகுதிக்குக் கரடுமுரடான பரப்புக்குரிய உராய்வு மதிப்பைக் கொடுக்கிறார்கள். இரண்டாம் ஓட்டத்தில் அதே இடத்துக்கு வெறும் சேற்றுப் பரப்பின் மதிப்பு. இரண்டிலும் எந்தெந்தத் தெருவில் எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று பார்த்து, ஆழத்துக்கு ஏற்ற சேதத்தைக் கணக்கிட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பலன் கிடைக்கிறது. 2012-ல் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையைத் தாக்கிய சாண்டி புயலுக்கு இப்படிக் கணக்கிட்டபோது, அங்குள்ள சதுப்பு நிலங்கள் சுமார் 62.5 கோடி டாலர் சேதத்தைத் தவிர்த்தன என்று தெரிந்தது. சில இடங்களில் சதுப்பு நிலம் நீர்மட்டத்தைச் சற்று ஏற்றியும் இருந்தது. ஓரிடத்தில் தடைபடும் தண்ணீர் மாயமாக மறைந்துவிடாது, தடைக்கு முன்னால் தேங்கும். இந்தக் கழிவையும் சேர்த்துச் சொல்லும் கணக்கை நான் நம்புவேன், கூட்டலை மட்டும் சொல்லும் கணக்கைச் சந்தேகப்படுவேன்.

'இல்லாத உலகம்' என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். எந்த அளவுக்கு இல்லாமல்? மரம் மட்டும் போய் மண் இருக்கிறதா, மண்ணும் அரிக்கப்பட்டு ஆழமாகிவிட்டதா? விடை முற்றிலும் மாறிவிடும். 2018-ல் பவளப்பாறைகளைப் பற்றி வெளியான உலகளாவிய கணக்கு இதில் நேர்மையாக நடந்துகொண்டது. பாறை முழுவதும் மறைவதாகக் கற்பனை செய்யாமல், மேலிருந்து ஒரு மீட்டர் உயரம் மட்டும் குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டது. அதற்கே, ஆண்டுதோறும் எதிர்பார்க்கப்படும் வெள்ளச் சேதம் உலக அளவில் இரு மடங்காகும் என்று வந்தது. அலையாத்திக் காடுகளுக்கான 2020-ஆம் ஆண்டுக் கணக்கு, அவை ஆண்டுக்கு 6,500 கோடி டாலருக்கு மேல் சேதத்தைத் தவிர்ப்பதாகவும், அவை இல்லாவிட்டால் ஆண்டுக்கு 1.5 கோடிப் பேர் கூடுதலாக வெள்ளத்தில் சிக்குவார்கள் என்றும் சொல்கிறது. இவை அலையாத்திக் காடுகள் இல்லாத உலகத்தோடு ஒப்பிட்ட எண்கள். உங்கள் ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கரில் நட்ட கன்றுகளுக்கு இந்த எண்ணிலிருந்து பங்கு பிரித்துக் கொடுக்க முடியாது.

கணினி இல்லாமல், நிஜ ஊர்களையே ஒப்பிட முடியாதா? முடியும். ஆனால் அந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, தமிழகத்தின் பரங்கிப்பேட்டை அருகே 18 குக்கிராமங்களை ஒப்பிட்டு, அலையாத்திக் காடு இருந்த இடங்களில் உயிரிழப்பு குறைவு என்று ஓர் ஆய்வு சொன்னது. அடுத்த ஆண்டு வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். உயிரிழப்பில் இருந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை, கடலிலிருந்து ஊர் இருந்த தூரமும் தரையின் உயரமுமே விளக்கிவிடுகின்றன என்று வந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் இயல்பாகவே கடலிலிருந்து தள்ளி, சற்று மேட்டில் இருந்தன. காப்பாற்றியது காடா மேடா?

இந்தப் பள்ளத்தைத் தாண்டிய ஆய்வு ஒன்றும் இருக்கிறது. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் கேந்திரபாடா மாவட்டத்தின் 409 கிராமங்களில் நேர்ந்த உயிரிழப்பை எடுத்துக்கொண்டு, தூரம், உயரம், மக்களின் பொருளாதார நிலை போன்ற பலவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அத்தனைக்குப் பிறகும் காட்டின் பங்கு மிஞ்சி நின்றது. கடலிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்த கிராமங்களில், காடு முழுவதும் இல்லாதிருந்தால் கிராமத்துக்குச் சராசரியாக 1.72 உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கும். 2009-ல் வெளியான இதே ஆய்வு இன்னொன்றையும் ஒளிக்காமல் சொன்னது: அரசின் முன்னெச்சரிக்கை காட்டைவிட அதிக உயிர்களைக் காத்தது. கேட்கச் சிறிய எண்தான் 1.72. அதைக் கிராமங்களின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தால் அது சிறியதல்ல என்று தெரியும்.

சராசரி ஆண்டு என்று ஒன்று

ஒரு புயலில் கிடைத்த பலன் தெரிந்துவிட்டது. எல்லா ஆண்டும் புயல் வராதே, ஆண்டுக்கு இவ்வளவு என்று எப்படிச் சொல்வது? இந்த இடத்தில்தான் புதிதாகப் படிப்பவர்கள் திணறுகிறார்கள். 'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வரும் வெள்ளம் என்று பொருளல்ல. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் என்று பொருள். முப்பது ஆண்டுகள் ஒரு வீட்டில் குடியிருப்பவர் அதை ஒருமுறையாவது பார்த்துவிடும் வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம்.

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். பணத்தை விட்டுவிட்டு வீடுகளை மட்டும் எண்ணுவோம். காடு இல்லாவிட்டால் பத்தாண்டு வெள்ளத்தில் (ஆண்டுக்கு 10 சதவீத வாய்ப்புள்ளது) 40 வீடுகள் மூழ்கும், நூறாண்டு வெள்ளத்தில் 200 வீடுகள் மூழ்கும். காடு இருந்தால் பத்தாண்டு வெள்ளத்தில் 10 வீடுகள், நூறாண்டு வெள்ளத்தில் 190 வீடுகள். பெரிய வெள்ளத்தை மட்டும் பார்ப்பவர் "இருநூறில் பத்து வீட்டைக் காப்பதற்கு ஒரு காடா?" என்று கேட்பார்.

இப்போது வாய்ப்பையும் சேர்ப்போம். பத்தாண்டு வெள்ளத்தைவிடச் சிறியவை எதையும் மூழ்கடிக்காது என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு, நூறாண்டு ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட வெள்ளங்கள் ஓர் ஆண்டில் வரும் வாய்ப்பு 0.10-லிருந்து 0.01-ஐக் கழித்தால் 0.09. காடு இல்லாதபோது அந்த இடைவெளியின் சராசரி 120 வீடுகள், 0.09-ஆல் பெருக்கினால் 10.8. நூறாண்டு வெள்ளத்துக்கும் அதைவிடப் பெரியவற்றுக்கும் 200-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 2. மொத்தம், ஆண்டுக்குச் சராசரியாக 12.8 வீடுகள். காடு இருக்கும்போது இதே கணக்கு 9 கூட்டல் 1.9, அதாவது 10.9. வித்தியாசம் ஆண்டுக்கு 1.9 வீடுகள், முப்பது ஆண்டுகளில் 57. பெரும்புயலில் ஏறக்குறையத் தோற்றுப்போன காடு, நடுத்தர வெள்ளங்களில் சத்தமில்லாமல் சேர்த்த கணக்கு அது. நாளிதழில் வருவது பெரும்புயல், பலனில் பெரும்பகுதி சேர்வது பேர் வைக்கப்படாத புயல்களில்.

இனி வீட்டுக்கு விலை போட வேண்டும். இங்கேதான் எனக்கு உறுத்தல். சேதத்தைப் பணத்தில் அளந்தால், விலையுயர்ந்த கட்டடங்களுக்கு முன்னால் நிற்கும் மரம் அதிக 'மதிப்பு' பெறுகிறது. மீனவர் குடிசைகளுக்கு முன்னால் நிற்கும் அதே மரம் குறைந்த மதிப்பு பெறுகிறது. முன்னர் சொன்ன 2020 கணக்கிலும் இது தெரிகிறது. பணத்தின்படி முன்னிலை வகிக்கும் நாடுகளில் அமெரிக்காவும் சீனாவும் வருகின்றன. காக்கப்படும் மக்களின் எண்ணிக்கையின்படி வியட்நாமும் இந்தியாவும் வங்கதேசமும் முன்னே வருகின்றன. ஆகவே பணத்தோடு மக்களையும் தனியாக எண்ணித்தான் சொல்ல வேண்டும். இன்னொரு விசித்திரமும் உண்டு: காட்டுக்குப் பின்னால் புதிதாக நூறு மாளிகைகள் எழுந்தால் காட்டின் 'பலன்' ஏறிவிடும். ஒரு மரம்கூடக் கூடவில்லை, ஆபத்தில் நிற்கும் சொத்து மட்டுமே கூடியிருக்கிறது.

காலமும் கணக்கில் வருகிறது. சுவர் கட்டி முடித்த அன்று முழு பலத்தோடு நிற்கும், பிறகு தேயும். நட்ட கன்று முதல் சில ஆண்டுகள் எதையும் தடுக்காது, பிறகு வளரும். வண்டல் போதிய அளவு கிடைத்தால் கடல் மட்டம் உயர உயரத் தரையையும் உயர்த்திக்கொள்ளும். இந்த இரண்டையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஒரு கழிவு விகிதம் போடுகிறார்கள்: பின்னால் கிடைக்கும் பலனை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்ற கணக்கில் குறைத்து மதிப்பிடுவது. ஐம்பது ஆண்டு கழித்துக் கிடைக்கும் 100 அலகுப் பலனுக்கு, 7 சதவீத விகிதத்தில் இன்றைய மதிப்பு 3.4. விகிதம் 2 சதவீதமானால் 37. அமெரிக்க அரசு 1992 முதல் 2023 வரை தன் திட்டங்களுக்கு வைத்திருந்த அடிப்படை விகிதம் அந்த 7 தான். மரத்தைப் பற்றிய வாதத்தில் மரத்தைவிட இந்த ஓர் எண்ணின் பேச்சு அதிகம் செல்லுபடியாகிவிடுகிறது.

மீன்வளம், கரிமச் சேமிப்பு, சுற்றுலா ஆகிய மற்றப் பலன்களும் இருக்கின்றன. அவற்றைத் தனி வரிகளில் எழுதினால் போதும். வெள்ளக் கணக்கு மெலிவாக இருக்கிறது என்று அவற்றை அதில் கலந்து ஊதிக் காட்டுவது தேவையற்ற வேலை. 'இதே வேலைக்குச் சுவர் கட்டினால் எவ்வளவு ஆகும்' என்று பார்த்து அதையே காட்டின் மதிப்பாக எழுதும் குறுக்குவழியும் புழக்கத்தில் இருக்கிறது. யாரும் கட்டவே போவதில்லை என்ற சுவரின் விலை எதற்கும் அளவாகாது. நிஜமாகவே கட்டப்போகும் அணைக்கரைக்கு முன்னால் மரங்களை வைத்து, அதனால் கரையின் உயரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டால் அந்த வழி பொருந்தும். நெதர்லாந்தின் நோர்ட்வார்டில் கரைக்கு முன்னால் வில்லோ மரங்களை நட்டு அப்படித்தான் செய்தார்கள்.

இத்தனை கணக்குக்கும் யாராவது காசு கொடுத்தார்களா என்றால், கொடுத்தார்கள். மெக்சிகோவின் கிந்தானா ரோ மாநிலத்தில் கரையோரப் பவளப்பாறைக்கு 2019-ல் காப்பீடு எடுக்கப்பட்டது. 2020 அக்டோபரில் டெல்டா புயல் வந்தபோது சுமார் எட்டரை லட்சம் டாலர் கிடைத்தது. பயிற்சி பெற்ற குழுக்கள் கடலில் இறங்கி, உடைந்த பவளத் துண்டுகளை எடுத்து மறுபடி பொருத்தின. பாறை எவ்வளவு உடைந்தது, எவ்வளவு வெள்ளத்தைத் தடுத்தது என்று அந்தக் காப்பீட்டு ஒப்பந்தம் கேட்கவில்லை. குறிப்பிட்ட கடற்பகுதிக்குள் காற்றின் வேகம் ஓர் அளவைத் தாண்டியதா என்று மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடும்.